கள்ளுப் போத்தல் நிலையத்தைப் பெருப்பிக்கலாமா?

வடலி:
எங்கள் பகுதிச் சீவல் தொழிலாளர் சங்கம், பனங்கள்ளைப் போத்தலில் அடைக்கும் தனது சிறு நிலையத்தை வங்கிக் கடன் எடுத்து மூன்று மடங்காகப் பெருப்பிக்கலாமா என்று வரும் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களிடம் கேட்க இருக்கிறது. நான் ஆதரித்தே வாக்களிப்பேன். 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூற்றுக்கும் குறைவான பியர் ஆலைகளே எஞ்சியிருந்தன. இன்று 9,000க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிறியவை. கென் குரொஸ்மன் என்பவர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, பாற்பண்ணைகள் கழித்துவிட்ட உபகரணங்களைப் பொருத்தி, 1980இல் கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் முதற் பியரைக் காய்ச்சினார். அந்தச் சியரா நெவாடா ஆலை, 2014இல் வட கரோலினாவில் இரண்டாவது ஆலையைத் திறக்குமளவுக்கு வளர்ந்த பின்னரும் குடும்பத்தின் கையை விட்டுப் போகவில்லை. மரமும் தொழிலும் கைவசம் உள்ள எங்களால் ஏன் முடியாது?

தளைநார்:
தம்பி வடலி, உவமை பொருந்தவில்லை. பியருக்கு வேண்டிய பார்லி, முளைகட்டி உலர்த்திய தானியம். களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே உற்பத்தியை இரட்டிப்பாக்க நினைப்பவர் பெரிய தொட்டியும் கூடுதல் தானியமும் வாங்கினால் போதும். கள்ளோ, முட்டிக்குள் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கி, காலையில் இறக்கியது மறுநாளே காடியின் பக்கம் சாய்ந்துவிடும். அதை இரட்டிப்பாக்க வேண்டுமாயின், இரட்டிப்பு மரங்களில், காலையும் மாலையும், பாளைக்கத்தியைச் செருகிக்கொண்டு ஒரு மனிதன் ஏற வேண்டும். என் தகப்பனார் முப்பது வருடம் ஏறினார். மரம் ஏறக் காலில் மாட்டும் அவருடைய தளைநாரை நான் தொட்டதில்லை, தொட அவர் விட்டதுமில்லை. தொழிலோடு ஒட்டவைக்கப்பட்ட சாதி இழிவு தன்னோடு போகட்டும் என்று அவர் நினைத்தார். எங்கள் குறிச்சியில் இன்று ஏறுபவர்களுள் ஐம்பது வயதுக்குக் குறைந்த ஒருவரைக் காண்பது அரிது. போதாததற்கு, ஆவணியோடு பனை ஓய்ந்துவிடும். வங்கி வட்டி ஓயாது.

வடலி:
அண்ணை, ஏறுபவர் குறைந்துவிட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் குறைந்தார்? தவறணையில் (கள்ளுக்கடையில்) முட்டிக் கள்ளை அன்றைக்கே விற்றாக வேண்டியிருப்பதால், கள் மலிந்த மாதங்களில் விலை விழுகிறது. மிஞ்சியது வடிசாலைக்கோ வினாகிரிக்கோ கிடைத்த விலைக்குப் போகிறது. போத்தலில் அடைத்துச் சூடேற்றிப் புளிப்பை நிறுத்திய கள் மாதக்கணக்கில் இருக்கும், பனை ஓய்ந்த மாரியிலும் விற்கும். நான் கேட்பது கூடுதல் கள் அன்று. இறங்குகிற கள்ளுக்குக் கூடுதல் விலை. விலை கூடினால், பொறிவைத்த ஏணியோ காப்புறுதியோ வாங்கக் காசிருக்கும், இளைஞர் ஒருசிலராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் வரியை மறந்துவிட்டீர்கள். அமெரிக்கச் சிற்றாலைகள் திறமையால் மட்டும் வளரவில்லை. சிற்றாலைகளின் முதல் 60,000 பீப்பாய்களுக்குப் பீப்பாய் ஒன்றுக்கு 9 டொலராக இருந்த மதுவரி, 1976இல் 7 டொலராகக் குறைக்கப்பட்டது. பிரித்தானியாவும் 2002இல் சிற்றாலைகளின் தீர்வையைப் பாதிவரை குறைத்தது. அதன் பின்னரே அங்கே ஊருக்கு ஊர் ஆலைகள் முளைத்தன. இலங்கையில் நாங்களோ இன்னமும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துக்காகக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். அதற்குமேல், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடை செய்கிறது. (தடை சரியானதே என்பது என் எண்ணம், அது வேறு விவாதம்.) அந்த ஆலைகள் தங்கள் கதையைச் சொல்லியே விற்றன. எங்கள் போத்தல் வாய் திறக்க முடியாது. சலுகை கிடைக்குமுன் கடன் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஓய்வுநிலை ஆசிரியை:
அதே மரத்தில் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத இனிப்பான கருப்பநீர் கிடைக்கும், பனங்கட்டி காய்ச்சலாம். கடன் எடுத்துத்தான் தீர வேண்டுமென்றால் அதற்கு எடுங்கள்.

தளைநார்:
ரீச்சர், கருப்பநீருக்கும் அதே மனிதர்தான் ஏற வேண்டும். அதற்குமேல் விறகுச் செலவும் இருக்கிறது.

தம்பிக்கு இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் அங்கர் என்றொரு பியர் ஆலை இருந்தது (எங்கள் தேநீருக்குப் போடும் அங்கர் பால்மா அன்று). மூடப்படும் நிலையிலிருந்த அதனை 1965இல் பிரிட்ஸ் மேய்டாக் வாங்கி நிமிர்த்தினார். அமெரிக்கச் சிற்றாலைகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். 2010இல் அவர் அதை விற்றார். 2017இல் அது ஜப்பானின் சப்போரோ நிறுவனத்திடம் போனது. 2023இல் மூடுவதாக அறிவித்தார்கள். மறு வருடம் வேறொருவர் வாங்கிக்கொண்டாலும், அங்கே வேலை செய்தவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடன் கட்ட முடியாமற் போகும் நாளில் எங்கள் நிலையத்தை வாங்க வருபவர் மரம் ஏறியவராக இருக்க மாட்டார்.

வடலி:
அந்த அச்சம் நியாயமானது. அமெரிக்கச் சிற்றாலைச் சங்கத்தின் வரையறைப்படி, சிற்றாலை அல்லாத வேறொரு மது நிறுவனத்திடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் அந்த ஆலை சுயாதீனமானதாகக் கொள்ளப்படாது. நாங்கள் அதைவிட இறுக்கமாகவே எழுதலாம்: ஏறும் உறுப்பினர் அல்லாத எவருக்கும் ஒரு பங்கும் கிடையாது, நிலையத்தை ஈடு வைப்பதாயின் பொதுக்கூட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், கடனின் முதற் தவணையில் ஏறுபவர்களுக்கான விபத்துக் காப்புறுதி கட்டப்பட வேண்டும். மூன்று மடங்கு என்பதையும் விட்டுவிடுகிறேன். இப்போது இறங்கும் கள்ளில் வீணாவதை அடைக்கும் அளவுக்கு மட்டும் இயந்திரம் வாங்குவோம்.

கணக்குப்பிள்ளை:
அந்த அளவென்றால் கடன் பாதியாகக் குறையும். சென்ற பருவத்தில் வடிசாலைக்குப் போன கள்ளின் கணக்கைச் செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள்; அதைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

தளைநார்:
காப்புறுதி வாசகத்தைத் தீர்மானத்தின் முதற் பந்தியிலேயே எழுதுங்கள், தம்பி. பின்னிணைப்பில் வைத்தீர்களென்றால் நான் எதிர்த்தே கை உயர்த்துவேன்.