மஞ்சள் தாள் ஆப்பசோடாவில் ஏன் சரியாகச் சிவக்கவில்லை?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அமிலம், காரம் நடத்துகிறேன். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் தடவினோம். சோப்புத் தண்ணீரில் சிவக்கிறது, ஆப்பசோடாக் கரைசலில் லேசாகத்தான் மாறுகிறது. எங்கே தவறு?

பதில் 1: தவறில்லை சார். மஞ்சளிலுள்ள குர்குமின் ஏறத்தாழ பிஹெச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 7.4-இல் மாறத் தொடங்கி 8.6-க்கு மேல்தான் நன்றாகச் சிவக்கும். ஆப்பசோடாக் கரைசல் 8.3 அளவில் நிற்பதால் இரண்டுங்கெட்டான் நிறம். வெற்றிலைச் சுண்ணாம்பு அரை ஸ்பூனை ஒரு டம்ளர் நீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரில் ஒரு சொட்டை எடுத்து மஞ்சள் தாளில் விடுங்கள், உடனே செந்நிறம். ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதுதான், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அதே இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பும். இதை அவசியம் காட்டுங்கள். சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. கலக்கும் வேலை ஆசிரியருடையது.

பதில் 2: குர்குமின் தண்ணீரில் கரையாது, அதனால்தான் தாளில் திட்டுத்திட்டாக நிற்கிறது. ஒரு ஸ்பூன் தூளுக்கு 20 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி, தெளிந்ததில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறம் வெளுக்கும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

பதில் 3: மஞ்சள் தாளுக்கு எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் ஒன்றுதான், இரண்டிலும் மாறாது. அமிலத்தைக் காட்டச் செம்பருத்தி வேண்டும். நாலைந்து சிவப்புப் பூவின் இதழ்களை அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். எலுமிச்சையில் அடர் இளஞ்சிவப்பு, சலவைச் சோடாவில் பச்சை. சாறு மறுநாளே கெட ஆரம்பிக்கும், அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.