வினைவேகச் சோதனைகளில் வரும் விலகல்கள்: எங்கிருந்து வருகின்றன, எதைக் காட்டிக்கொடுக்கின்றன? (அனுபவப் பகிர்வு)

வினைவேகச் சோதனைகளைச் செய்பவர்கள், செய்விப்பவர்கள் எல்லோரும் குறிப்புகளைச் சேர்க்கலாம். எடுத்த அளவு, வந்த விலகல், அதற்கான காரணம் மூன்றும் இருக்கட்டும். அயோடின் கடிகாரத்தில் தொடங்குகிறேன்.

பொட்டாசியம் அயோடைடு 0.2 மோலார், 20 மி.லி. சோடியம் தயோசல்பேட் 0.005 மோலார், 10 மி.லி. தயோசல்பேட்டை வெறும் நீரில் கரைக்காமல் 0.2 சதவீத ஸ்டார்ச் கரைசலில் கரைத்துக்கொண்டால் ஸ்டார்ச்சைத் தனியாக அளக்கும் வேலை மிச்சம். இவை இரண்டும் ஒரு கூம்புக் குடுவையில். அம்மோனியம் பெர்சல்பேட் 0.1 மோலார், 20 மி.லி., வேறொரு குடுவையில். பெர்சல்பேட்டை ஒரே வீச்சில் ஊற்றிய கணத்தில் நிறுத்து கடிகாரத்தை ஓடவிடுங்கள். 25 டிகிரி செல்சியஸில் அரை நிமிட அளவில் கரைசல் முழுதும் சட்டென்று நீலமாகும்.

பெர்சல்பேட் அயோடைடை அயோடினாக்குகிறது. அந்த அயோடினைத் தயோசல்பேட் உடனுக்குடன் மறுபடி அயோடைடாக்கிவிடுகிறது. தயோசல்பேட் தீர்ந்த பிறகே அயோடின் தங்கி ஸ்டார்ச்சோடு சேர்கிறது. கலந்தபின் மொத்தம் 50 மி.லி.; அதில் தயோசல்பேட் 0.001 மோலார். இரண்டு தயோசல்பேட்டுக்கு ஒரு அயோடின் என்பதால், நீலம் வரும்வரை செலவான பெர்சல்பேட் 0.0005 மோலார். அதை நொடிகளால் வகுத்தால் வேகம். தொடக்கத்தில் இருந்த பெர்சல்பேட் 0.04 மோலார், போனது அதில் 1.25 சதவீதம்தான். அயோடைடோ குறையவே இல்லை. ஆகவே இதைத் தொடக்க வேகம் என்று தயங்காமல் சொல்லலாம். தயோசல்பேட்டைப் பத்து மடங்காக்கினால் இந்த வசதி போய்விடும்: பெர்சல்பேட்டில் எட்டில் ஒரு பங்கு தீர்ந்தபின் கிடைக்கும் சராசரி வேகத்தைத்தான் அளப்பீர்கள்.

பெரும்பாலானவர்கள் தவறுவது அடுத்த கட்டத்தில். அயோடைடைப் பாதியாக்க 10 மி.லி. எடுத்து, மீதி 10 மி.லி.க்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுகிறார்கள். வினைவகை (வேகம் ஒரு பொருளின் செறிவின் எத்தனையாவது அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்ற எண்) 1 வர வேண்டிய இடத்தில் 1.1, 1.2 என்று வருகிறது. அளந்தவர் கையில் குறையில்லை. அயனிகளின் மொத்தச் செறிவும் சேர்ந்து குறைந்துவிட்டதுதான் காரணம். நீருக்குப் பதில் 0.2 மோலார் பொட்டாசியம் நைட்ரேட் 10 மி.லி. ஊற்றுங்கள். பெர்சல்பேட்டைக் குறைக்கும்போது 0.1 மோலார் அம்மோனியம் சல்பேட்டால் ஈடுகட்டுங்கள். இவை வினையில் கலந்துகொள்ளாது, அயனிவலிமையை (அயனிகளின் செறிவையும் மின்சுமையையும் சேர்த்துக் காட்டும் அளவு) மட்டும் காப்பாற்றும். அதன்பின் இரண்டிலும் வினைவகை 1 சீராக வரும்.

இந்த விலகலைத் திருத்தியதோடு விட்டுவிடாதீர்கள். செறிவுகளை மாற்றாமல் பொட்டாசியம் நைட்ரேட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வேகம் ஏறும். காரணம், வினையின் படிகளில் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும் மெதுவான படியில் சந்திக்கும் இரண்டும் எதிர்மின் அயனிகள். சுற்றிலும் உப்பு கூடும்போது அவற்றுக்கிடையே உள்ள விலக்கம் தணிகிறது. சந்திப்பவை எதிரெதிர் மின்சுமை கொண்டவையாக இருந்தால் வேகம் குறையும்; ஒன்று மின்சுமையற்றது என்றால் ஏறக்குறைய மாறாது. நீர்த்த கரைசல்களில், வேக மாறிலியின் (வேகத்தைச் செறிவுகளோடு இணைக்கும் எண்) 10 அடிமான மடக்கையை அயனிவலிமையின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால், 25 டிகிரியில் சாய்வு இரு மின்சுமைகளின் பெருக்கற்பலனை 1.02 ஆல் பெருக்கியதற்குச் சமம். பெர்சல்பேட்டின் மின்சுமை −2, அயோடைடின் மின்சுமை −1, பெருக்கற்பலன் +2. சமன்செய்த சமன்பாட்டில் இரண்டு அயோடைடு இருக்கிறதே என்று அவை இரண்டும் மெதுவான படியில் சேர்ந்திருந்தால் சாய்வு வேறாக இருக்க வேண்டும், வினைவகையும் 2 ஆக வேண்டும். இரண்டாவது அயோடைடு வேகமான பின்படியில்தான் நுழைகிறது.

இன்னொன்று. ஒரே அளவுகளை எடுத்தும் ஒரு குழுவுக்கு மட்டும் நேரம் பாதியாகிறது என்றால் முதலில் நீரைச் சந்தேகப்படுங்கள். தாமிர அயனி துளியளவு இருந்தாலும் இந்த வினையை ஊக்கும், இரும்பும் அப்படித்தான். குழாய்நீரில் கழுவிய குடுவையைக் காய்ச்சி வடித்த நீரில் மறுபடி அலசாமல் விட்டாலே போதும். உலோக அயனிகளைக் கட்டிப்போடும் ஈடிடிஏவின் நீர்த்த கரைசல் ஒரு துளி சேர்த்தபின் நேரம் பழையபடி நீண்டால் காரணம் உலோக அயனியேதான்.

*

மேலே சொன்ன அதே கலவை வெப்பநிலைச் சோதனைக்கும் ஏற்றது. இரண்டு எச்சரிக்கைகள்.

இரண்டு குடுவைகளும் நீர்த்தொட்டியில் பத்து நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். தொட்டியின் வெப்பநிலையை எழுதாதீர்கள். கலந்த கரைசலுக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுதுங்கள். கிளர்வுறு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 53 கிலோஜூல் உள்ள வினையில், அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு டிகிரி தவறினாலே வேகத்தில் சுமார் 7 சதவீதம் தவறும்.

அடுத்து, 50 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஸ்டார்ச்–அயோடின் நீலம் சூட்டில் வெளுக்கும். அயோடின் வந்தும் நிறம் தெரியத் தாமதமாகும், வரைபடத்தின் சூடான முனை வளையும். அர்ரீனியஸ் கோடு (வேகத்தின் மடக்கையை 1/கெல்வினுக்கு எதிராக வரைவது) அங்கே வளைவதைக் கண்டு வினை வழிமுறை மாறிவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. நிறம்தான் ஏமாற்றியிருக்கும். 10 முதல் 45 டிகிரிக்குள் ஐந்து புள்ளிகள் போதும். அளவுகள் எல்லாம் ஒன்றே என்பதால் வேக மாறிலியைத் தனியாகக் கணக்கிட வேண்டாம். 1/நேரத்தின் இயல் மடக்கையை 1/கெல்வினுக்கு எதிராக வரைந்து, சாய்வை 8.314 ஆல் பெருக்கி, குறியை மாற்றினால் கிளர்வுறு ஆற்றல் ஜூலில் வரும். 50 கிலோஜூலை ஒட்டி வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

"10 டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும்" என்பதை விதியாக மனப்பாடம் செய்வதுதான் எனக்கு வருத்தம். 25 முதல் 35 டிகிரிக்குள் அது 53 கிலோஜூலுக்கு மட்டுமே பொருந்தும். 100 கிலோஜூல் என்றால் 3.7 மடங்கு, 25 கிலோஜூல் என்றால் 1.4 மடங்குதான்.

*

ஒரு ஐயம். அமிலம் சேர்த்த அசிட்டோனில் அயோடினின் செறிவை இரட்டித்தாலும் வேகம் மாறவில்லை. அளவீட்டுத் தவறா, இல்லை அப்படித்தான் வருமா?

*

அப்படித்தான் வரும். இந்தப் பாடம் முழுவதிலும் இதைவிட அழகான சோதனை இல்லை என்பேன்.

அளவு: 1 மோலார் அசிட்டோன் 25 மி.லி., 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி., 0.02 மோலார் அயோடின் (பொட்டாசியம் அயோடைடில் கரைத்தது) 50 மி.லி. அயோடினைக் கடைசியாக ஊற்றிக் கலக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் 10 மி.லி. உள்ள குடுவையில் விடுங்கள். அமிலம் முறிந்து வினை நின்றுவிடும். நேரத்தைக் குறிக்க வேண்டியது பிப்பெட் பாதி காலியாகும் கணத்தில். நுரை பொங்கும் என்பதால் 250 மி.லி. குடுவை எடுங்கள். பிறகு 0.01 மோலார் தயோசல்பேட்டைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு எஞ்சிய அயோடினைத் தரம்பார்த்து, வெளிர்மஞ்சள் வந்தபின் ஸ்டார்ச் சேருங்கள்.

தொடக்க பியூரெட் அளவு 20 மி.லி. இருக்கும். 25 டிகிரியில் அரை மணி கழித்து 14 மி.லி.யை ஒட்டி இறங்கியிருக்கும். அளவுக்கும் நேரத்துக்கும் வரைந்தால் நேர்க்கோடு. அயோடின் குறையக் குறைய வேகம் குறைய வேண்டாமா? குறையவில்லை. அசிட்டோனை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கும், அமிலத்தை இரட்டித்தாலும் அப்படியே. அயோடினுக்கு வினைவகை பூஜ்யம்.

பைகார்பனேட்டுக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு போடுபவர்கள் உண்டு. கூடாது. காரத்தில் அசிட்டோன் அயோடினை இன்னும் வேகமாக விழுங்கி அயோடோஃபார்ம் வரை போகும். நிறுத்த நினைத்த இடத்தில் வினை பாயும். விளையும் அயோடோ அசிட்டோன் கண்ணை எரிக்கும். புகைப்போக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள். மீந்த கலவையில் தயோசல்பேட் ஊற்றி நிறம் போனபின் அப்புறப்படுத்துங்கள்.

இனி வழிமுறை. அமிலம் அசிட்டோனின் ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது, அது உடனே நடக்கும். அதன்பின் பக்கத்துக் கார்பனிலிருந்து புரோட்டான் பிரிந்து ஈனால் (கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள அசிட்டோனின் மாற்று வடிவம்) உருவாவதே மெதுவான படி. ஈனால் பிறந்ததும் அயோடின் அதைப் பிடித்துக்கொள்கிறது. அயோடின் காத்திருக்கும் பொருள் என்பதால் அது கூடினாலும் குறைந்தாலும் வேகத்துக்குக் கவலையில்லை. 1904இல் ஆர்தர் லாப்வொர்த் புரோமினை வைத்து இதைக் காட்டினார். அயோடினுக்குப் பதில் புரோமின் போட்டாலும் வேகம் ஏறக்குறைய அதேதான்; ஹாலஜன் (அயோடின், புரோமின் சேர்ந்த தனிமக் குடும்பம்) மெதுவான படியில் இருந்தால் இது நடக்காது.

வேறு இரண்டு திசைகளிலிருந்தும் சான்று வருகிறது. அசிட்டோனின் ஹைட்ரஜன்களை டியூட்டிரியத்தால் (கனமான ஹைட்ரஜன்) மாற்றினால் வேகம் சுமார் 7 மடங்கு குறைகிறது. ஆகவே கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு மெதுவான படியில்தான் உடைகிறது. முனைவாக்கிய ஒளியின் தளத்தைச் சுழற்றும் கீட்டோன் (அசிட்டோன் வகைச் சேர்மம்) ஒன்றை எடுத்தால், அமிலத்தில் அது சுழற்சியை இழக்கும் வேகமும் அயோடினேற்றம் அடையும் வேகமும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டுக்கும் வாசல் அந்த ஈனால்தான்.

கடைசிப் புள்ளிகள் கோட்டை விட்டு வளைகின்றனவா? அயோடின் மிகவும் அருகியதும் அதன் படி இனி வேகமானதல்ல. அந்தப் பகுதியைச் சாய்வுக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

*

வினைவகையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் தொடர வேண்டும் என்பதைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள். ஒரே அரைவாழ்காலம் (பொருள் பாதியாகக் குறையும் நேரம்) உள்ள ஒரு முதல் வகை (வினைவகை 1) வினையையும் ஒரு இரண்டாம் வகை (வினைவகை 2) வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரைவாழ்காலத்தின் பாதியில் எஞ்சியிருப்பது 70.7 சதவீதம், 66.7 சதவீதம். ஒரு அரைவாழ்காலத்தில் இரண்டும் 50. அதாவது அதுவரை அளந்த புள்ளிகளில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தாலே முதல் வகைக்கான செறிவின் மடக்கை, இரண்டாம் வகைக்கான 1/செறிவு என்று நேரத்துக்கு எதிராக வரையும் இரண்டு வரைபடமும் நேர்க்கோடாகத் தெரியும். இரண்டு அரைவாழ்காலம் கடந்தால் 25, 33.3, மூன்றில் 12.5, 25. மூன்று வரை போகாமல் "கோடு நேராக வந்தது" என்பதை நம்ப வேண்டாம். அவ்வளவு நேரமில்லை என்றால் தொடக்க வேக முறைக்குப் போய்விடுங்கள்.

*

தயோசல்பேட்டும் அமிலமும் கலந்து, பிரியும் கந்தகத்தால் கரைசல் கலங்கி, குடுவைக்கு அடியில் உள்ள பெருக்கல் குறி மறையும் நேரத்தை அளப்பது எல்லோரும் செய்வது. 0.15 மோலார் தயோசல்பேட் 50, 40, 30, 20, 10 மி.லி.; குறைவதை நீரால் 50 ஆக்கி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. சேர்க்க வேண்டும். எல்லா ஓட்டத்துக்கும் ஒரே குடுவை, ஒரே கண், ஒரே வெளிச்சம். ஒவ்வொரு முறையும் கந்தகப் படிவைத் தேய்த்துக் கழுவுங்கள். படிவு இருந்தால் குறி முன்கூட்டியே மறையும்.

நீர்த்த ஓட்டங்களில் 1/நேரம் கோட்டுக்குக் கீழே விழுவதற்குக் காரணம் உண்டு. குறி மறைய வேண்டிய கந்தகத்தின் அளவு எப்போதும் ஒன்றே. 50 மி.லி. ஓட்டத்தில் அது இருப்பில் சிறு பங்கு. 10 மி.லி. ஓட்டத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு பங்கு. அதற்குள் வேகமே தளர்ந்துவிடும். தவிர, கண் பார்ப்பது துகள்கள் வளர்ந்து பால்போல ஆவதை. ஆகவே இதை வைத்து வழிமுறை எழுத முயலாதீர்கள், செறிவும் வெப்பமும் வேகத்தை மாற்றும் என்று காட்டுவதோடு நிறுத்துங்கள். கந்தக டைஆக்சைடு வெளிவருவதால் கரைசலை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. முடிந்ததும் சோடியம் கார்பனேட் கரைசலில் கொட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

*

வேக விதி (வேகம் செறிவுகளைச் சார்ந்திருப்பதைச் சொல்லும் சமன்பாடு) பொருந்திவிட்டால் வழிமுறை நிரூபணமாகிவிட்டது என்று எழுதுபவர்களுக்காக ஒரு வினையை நினைவூட்டுகிறேன். ஹைட்ரஜனும் அயோடினும் சேரும் வினையை 1890களில் மாக்ஸ் போடன்ஸ்டைன் அளந்தார். வினைவகை ஹைட்ரஜனுக்கு 1, அயோடினுக்கு 1. இரண்டு மூலக்கூறுகள் மோதி ஒரே படியில் முடிகிறது என்று பல பத்தாண்டுகள் பாடமாகவே இருந்தது. 1967இல் ஜான் சல்லிவன் வெப்பநிலையைத் தாழ்வாக வைத்து, ஒளியால் அயோடினை அணுக்களாகப் பிளந்து பார்த்தார். வேகம் அயோடின் அணுக்களின் செறிவின் வர்க்கத்தைத் தொடர்ந்தது. அயோடின் முதலில் இரு அணுக்களாகப் பிரிந்து சமநிலையில் நின்று, பிறகு இரு அணுக்களும் ஹைட்ரஜனோடு சேர்கின்றன என்று எழுதினாலும் கிடைக்கும் வேக விதி அதே 1, 1 தான். வேக விதியால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

இதன் உடன்பிறப்பான ஹைட்ரஜன்–புரோமின் வினை நேர்மாறு. தொடக்கத்தில் புரோமினுக்கு வினைவகை அரை, விளைந்த ஹைட்ரஜன் புரோமைடே வேகத்தைக் குறைக்கிறது. ஒரே படியில் நடக்கும் எந்த வினையும் இப்படி நடக்காது. அதுதான் 1919-20 வாக்கில் சங்கிலி வினை (ஒரு படியில் பிறக்கும் அணு அடுத்த படியைத் தொடங்கிவைத்துத் தொடர்வது) என்ற விளக்கத்துக்கு இட்டுச்சென்றது.

வெப்பத்தில் வேகம் குறையும் வினையும் உண்டு: நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும். மொத்த வினைவகை 3. இரண்டு நைட்ரிக் ஆக்சைடு முதலில் வெப்பம் உமிழ்ந்து இணைகின்றன, அந்த இணையை ஆக்சிஜன் தாக்குகிறது என்பது ஒரு விளக்கம். சூடேற்றினால் இணைகள் உடைந்து அருகுகின்றன, அந்த இழப்பு இரண்டாம் படியின் வேகமேற்றத்தை மீறிவிடுகிறது. கிளர்வுறு ஆற்றல் எதிர்க்குறியில் வந்தால் கணக்கை அழிப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

*

பெர்மாங்கனேட்–ஆக்சாலிக் அமிலத்தை யாரும் தொடவில்லை. அறை வெப்பநிலையில் முதல் துளியின் ஊதா நிறம் நெடுநேரம் அப்படியே நிற்கும், பிறகு சேர்ப்பவை மளமளவென்று வெளுக்கும். முதல் நிமிடத்தை மட்டும் அளந்து "தொடக்க வேகம்" என்று எழுதினால் அது வினையூக்கி இல்லாத வேகம். விளையும் மாங்கனீசு அயனியே வினையை ஊக்குகிறது. சரிபார்ப்பது எளிது: ஒரே அளவு ஊற்றிய இரண்டு சோதனைக்குழாய்கள், ஒன்றில் மட்டும் மாங்கனீசு சல்பேட் ஒரு துகள். அந்தக் குழாயில் காத்திருப்பே இருக்காது.

படிகளை எழுதும்போது வினையூக்கியையும் இடைநிலைப் பொருளையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு அயோடைடு ஊக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவைக் கொடுங்கள். முதல் படியில் அயோடைடு உள்ளே போகிறது, ஹைப்போ அயோடைட்டு வெளியே வருகிறது. இரண்டாம் படியில் ஹைப்போ அயோடைட்டு இன்னொரு பெராக்சைடோடு சேர்ந்து ஆக்சிஜனை விட்டு, அயோடைடைத் திருப்பித் தருகிறது. முதலில் நுழைந்து கடைசியில் மீள்வது வினையூக்கி. இடையில் பிறந்து இடையிலேயே தீர்வது இடைநிலைப் பொருள். அளந்தால் வேகம் பெராக்சைடுக்கு 1, அயோடைடுக்கு 1 என்று வரும். அயோடைடு தீராததால் ஒரே ஓட்டத்துக்குள் பார்த்தால் முதல் வகையாகத்தான் தெரியும். அயோடைடின் பங்கைக் காண அதன் அளவை மாற்றித் தனி ஓட்டங்கள் எடுக்க வேண்டும்.