குவாலுன்குவிஸ்மோவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இத்தாலிய வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சோஷலிஸ்மோ, பாஷிஸ்மோ எல்லாம் சிக்கலில்லை. குவாலுன்குவிஸ்மோவில்தான் மாட்டிக்கொண்டேன்.

'உவோமோ குவாலுன்குவே' என்றால் சாமானியன். நாடக ஆசிரியர் குல்யெல்மோ ஜன்னீனி 1944-இல் ரோமில் அந்தப் பெயரில் பத்திரிகை தொடங்கினார், அப்புறம் கட்சியும். 1946 அரசியலமைப்பு அவைத் தேர்தலில் 30 இடங்கள்! இன்றோ, 'எல்லாக் கட்சியும் ஒண்ணுதான்' என்று கைகழுவுவதைக் குத்திக்காட்டும் வசைச்சொல்தான் குவாலுன்குவிஸ்மோ. 'சாமானியவாதம்' என்று எழுதினால் பாராட்டுவது போல இருக்கிறது. 'அரசியல் அலட்சியம்' என்றால் சாமானியன் காணாமல் போகிறான்.

திரஸ்போர்மிஸ்மோவும் இப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பிரதமர் தெப்ரேத்திஸ் எதிரணி உறுப்பினர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட வித்தை. 'கட்சித்தாவல்' என்றால் பழி தாவியவர் மேல் மட்டும் விழுகிறதே?

இத்தாலியம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.