சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: பயாப்சியில் ‘தசை காணப்படவில்லை’ என்று வந்தால் மறுபடியும் அறுவை எதற்கு?

பவானிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 63. ஈரோடு மாவட்டத்தில் இளம் வயதிலிருந்தே சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயமேற்றும் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் உண்டு. சென்ற ஆடி மாதத்தில் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலியோ எரிச்சலோ காய்ச்சலோ இல்லாததால், உடல் சூடு என்று எண்ணி இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் எடுத்துக்கொண்டார். ஓரிரு நாளில் நிறம் தெளிந்துவிட்டது. தை மாதத்தில் மறுபடியும், இம்முறை கட்டி கட்டியாக இரத்தம் வந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்ப்பையின் பக்கச் சுவரில் ஏறக்குறைய 3 செ.மீ. அளவில் கட்டி இருப்பது தெரிந்தது.

சிறுநீர்த் தாரை வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பயாப்சி அறிக்கையில் ‘ஹை கிரேடு யூரோதீலியல் கார்சினோமா, லாமினா புரோப்ரியாவில் ஊடுருவல் உள்ளது, மாதிரியில் டெட்ரூசர் தசை காணப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறது. சி.டி. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. இப்போது மருத்துவர், ஒரு மாதத்திற்குள் இதே அறுவையை இன்னொரு முறை செய்ய வேண்டும் என்றும், அதன்பின் காசநோய்த் தடுப்பூசி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறார்.

முதல் அறுவை சரியாகச் செய்யப்படவில்லையோ என்ற ஐயம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. என் தாய்மாமா, இப்படி இரண்டு முறை மூன்று முறை சுரண்டுவதைவிடப் பையையே எடுத்துவிடச் சொல்லலாம் என்கிறார். அப்பாவோ, இரத்தம்தான் நின்றுவிட்டதே, இனி எதற்கு மயக்க ஊசி என்கிறார். காசநோய் மருந்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொருநை மருத்துவர் (ஓய்வுபெற்ற யூராலஜி மருத்துவர்):

தம்பி, அந்த அறிக்கையிலுள்ள மூன்று செய்திகளில் ‘தசை காணப்படவில்லை’ என்பதே உங்கள் தந்தையின் அடுத்த ஓராண்டைத் தீர்மானிக்கப் போகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுநீர்ப்பையின் சுவரில் உள்ளிருந்து வெளியாக முதலில் யூரோதீலியம் என்னும் மெல்லிய உட்படலம், அதன்கீழ் இரத்தக் குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு (அறிக்கையில் லாமினா புரோப்ரியா என்றிருப்பது இதுதான்), அதற்கும் வெளியே பை சுருங்கி விரியக் காரணமான தடித்த டெட்ரூசர் தசை, கடைசியாகக் கொழுப்பு என்று அடுக்குகள் உள்ளன. கட்டி உட்படலத்தோடு நின்றால் டி.ஏ., இணைப்புத் திசுவுக்குள் இறங்கினால் டி1, தசைக்குள் போய்விட்டால் டி2 என்கிறோம். புதிதாகக் கண்டறியப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு நோய் தசையைத் தொடாத நிலையிலேயே இருக்கிறது. தசையைத் தொடாதவரை பையைக் காப்பாற்றிக்கொண்டே சிகிச்சை செய்யலாம். தொட்டுவிட்டால் சிகிச்சையின் பாதையே மாறிவிடும். கீமோதெரபி கொடுத்துப் பையை அகற்றுவதோ, தகுந்தவர்களுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுப்பதோ தேவைப்படும்.

உங்கள் தந்தையின் கட்டி குறைந்தது டி1 என்பது உறுதி. ஆனால் மாதிரியில் தசையே இல்லாதபோது, அது டி1-தான், டி2 அல்ல என்று எந்த நோய்க்குறியியல் நிபுணராலும் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேனும் இந்த வேறுபாட்டைக் காட்டித் தராது. பரவலைத் தேடுவதற்குத்தான் அது பயன்படும். ஆகவே, கட்டி இருந்த இடத்தின் அடித்தளத்தைத் தசை வரை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. டி1 நிலையில், முதல் முறையே தசை கிடைத்திருந்தாலும்கூட, பொதுவாக இரண்டாம் அறுவையைப் பரிந்துரைப்போம். அப்படிச் செய்யும்போது மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் எஞ்சிய கட்டி கிடைக்கிறது. சிலருக்கு நோய் தசைக்குள் போயிருப்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. முதல் அறுவைக்குப் பின் இரண்டு முதல் ஆறு வாரத்திற்குள் இதைச் செய்வது வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்லும் ஒரு மாதக் கெடு சரியானதே.

முதல் அறுவை பிழையானதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு கட்டுவது நியாயமாகாது. பக்கச் சுவரில் மின்கம்பியால் வெட்டும்போது அருகில் ஓடும் அப்ட்யூரேட்டர் நரம்பு தூண்டப்பட்டுத் தொடை திடீரென உதறும். அந்த உதறலில் பை ஓட்டையாகிவிடக்கூடும் என்பதால் அறுவை செய்பவர் ஆழம் போகத் தயங்குவது உண்டு. பெரிய கட்டியில் இரத்தம் பெருகிக் கண் தெரியாமல் போவதும் உண்டு. எனவே பழி தேடுவதை விட்டு, இரண்டாம் முறை அடித்தளத் திசுவைத் தனிப் புட்டியில் அனுப்புவீர்களா, உதறலைத் தடுக்க என்ன ஏற்பாடு என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரத்தம் நின்றுவிட்டது என்ற ஆறுதல்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. இந்நோயில் இரத்தப்போக்கு விட்டுவிட்டு வருவதே இயல்பு. கட்டியின் நுனி உதிரும்போது சிவக்கும், பிறகு வாரக்கணக்கில் தெளிந்திருக்கும். அந்த இடைவெளியில் கட்டி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்த நாற்பது வயதைக் கடந்த ஒருவரை, சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்த் தாரை வழியாகக் கேமராக் குழாய் செலுத்திப் பையின் உட்புறத்தைப் பார்ப்பது) செய்து பார்க்காமல் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பக் கூடாது என்பதை என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன்.

இனி, நீங்கள் கேட்ட காசநோய்த் தடுப்பூசி மருந்தான பி.சி.ஜி. பற்றி. கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் வீரியம் குறைத்து வளர்த்த இந்தக் கிருமி, 1921-இல் காசநோய்த் தடுப்பு மருந்தாக மனிதருக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்டது. 1976-இல் கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்ற யூராலஜி மருத்துவர், ஒன்பது நோயாளிகளுக்கு அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தியதன் முடிவுகளை வெளியிட்டார். உயிருள்ள அக்கிருமி பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, உடலின் எதிர்ப்பு அணுக்களை அந்த இடத்திற்குத் திரட்டி வரவழைக்கிறது. அந்தப் படை கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் புற்று அணுக்களையும் சேர்த்து அழிக்கிறது. ஹை கிரேடு (தீவிரமாக வளரும் வகை) நோய் திரும்புவதைக் குறைப்பதில் பைக்குள் செலுத்தும் கீமோ மருந்துகளைவிட இதுவே இன்றும் முன்னிற்கிறது.

தாய்மாமா சொல்வதை முற்றிலும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். டி1 ஹை கிரேடு நோயில் சிலருக்குத் தொடக்கத்திலேயே பையை அகற்றுவது நல்லது என்பது உண்மை. அது பெரிய அறுவை. சிறுகுடலின் ஒரு பகுதியை எடுத்து, வயிற்றின் மேல் வழி வைத்து ஒட்டுப்பையில் சிறுநீரைச் சேர்ப்பதோ, மாற்றுப் பை அமைப்பதோ அதில் அடங்கும். அந்த முடிவை இரண்டாம் பயாப்சிக்கு முன் எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கண்ணாடித்தகடு (நோய்க்குறியியல் துறை):

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இரண்டாம் அறிக்கை வரும்போது நான்கு விவரங்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்: தசை இருந்ததா, இருந்தால் அதில் ஊடுருவல் உண்டா, சுற்றிலும் கார்சினோமா இன் சிட்டு எனப்படும் தட்டையான ஹை கிரேடு மாற்றம் உண்டா, நிணநீர், இரத்தக் குழாய்களுக்குள் புற்று அணுக்கள் தென்பட்டனவா. பையை முன்கூட்டியே அகற்றலாமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த வரிகளிலேயே இருக்கும். மைக்ரோபாபில்லரி போன்ற அரிய வகைகள் குறிப்பிடப்பட்டிருந்தாலும் கவனம் தேவை. முதல் அறுவையின் திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் எழுதிக் கொடுத்துப் பெற்று, சிறுநீரகத் துறை நோய்களை நிறையப் பார்க்கும் வேறொரு நிபுணரிடம் காட்டலாம். தசை இழையா, இணைப்புத் திசுவிலேயே இயல்பாக இருக்கும் மெல்லிய தசை நாரா என்பதில் கருத்து வேறுபாடு எழுவது உண்டு.

வைகை வாசகர்:

ஐயா, நான் மதுரைப் பக்கம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இதே டி1 ஹை கிரேடு நோய்க்கு இரண்டாம் அறுவையும் பி.சி.ஜி.யும் முடித்து, இப்போது கண்காணிப்பில் மட்டும் இருக்கிறேன். அப்பாவின் மனத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆகவே நடைமுறையை அவரிடம் படித்துக் காட்டும்படி எழுதுகிறேன்.

இரண்டாம் அறுவையில் தசை தெளிவாக இருந்தால், புண் ஆற இரண்டு வாரமாவது விட்டு, வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரம் மருந்து செலுத்துவார்கள். இதற்கு மயக்கம் கிடையாது. வருவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சிறுநீர் கழித்த பின் மெல்லிய ட்யூப் போட்டு மருந்தை உள்ளே விட்டு, ட்யூபை எடுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். பிறகு ஆண்களும் உட்கார்ந்தபடியே கழிக்க வேண்டும். ஏனென்றால் வெளியேறுவது உயிருள்ள கிருமி, தெறிக்கக் கூடாது. அடுத்த ஆறு மணி நேரத்திற்கு ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் விட வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதில் தளர்வே கூடாது.

முதல் ஓரிரு வாரம் எனக்கு எதுவும் தெரியவில்லை. அதன்பின் மருந்து ஏற்றிய அன்றிரவு எரிச்சலும், அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டிய அவசரமும், உடம்பு முறிந்தாற்போன்ற அசதியும் வந்தன. ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆனால் காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பக்கத்துக் கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டு இருந்துவிடக் கூடாது. உடனே மருந்து செலுத்திய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் காசநோய் மாத்திரைகளே தேவைப்படும். அதேபோல், செலுத்தும் நாளில் சிறுநீரில் இரத்தம் இருந்தாலோ, சிறுநீர்த்தொற்று இருந்தாலோ, ட்யூப் போடும்போது காயமாகி இரத்தம் வந்தாலோ அன்றைக்கு மருந்து ஏற்றக் கூடாது. அப்பா ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறு வாரத்தோடு முடிந்துவிடுவதில்லை. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பிறகு ஆறு மாதத்திற்கொருமுறை என்று மூன்று ஆண்டு வரை, ஒவ்வொரு முறையும் மூன்று வார ஊசியாகத் தொடர்வது முழு முறை. (ஊசி என்று பழக்கத்தில் சொல்கிறோம், குத்துவது எதுவும் இல்லை.) சிஸ்டோஸ்கோபியும் முதல் இரண்டாண்டு மூன்று மாதத்திற்கொருமுறை உண்டு. என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் முதல் சிஸ்டோஸ்கோபி தெளிவாக இருந்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மருந்துக்கு உலக அளவிலேயே அடிக்கடி தட்டுப்பாடு வருவதால் அடுத்த சுற்றுக்கு முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அறுவையும் மருந்தும் எந்த அளவுக்கு அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவானிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அப்பாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டாம் அறுவைக்கு ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரு கேள்வி. என் சித்தப்பாவும் அதே பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவர். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவரையும் பரிசோதிக்க வேண்டுமா? அப்பா இப்போது பீடியை விட்டால் அதனால் பயன் உண்டா?

பொருநை மருத்துவர்:

பயன் நிச்சயமாக உண்டு. பீடிப் புகையிலுள்ள அரோமாட்டிக் அமீன்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன. புகைப்பதைத் தொடர்ந்தால், சிகிச்சைக்குப் பிறகும் அதே உட்படலம் அதே நச்சில் ஊறிக்கொண்டிருக்கும். அறுவைக்கு முன்பே விட்டுவிடச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது உதவி.

சாயத் தொழிலுக்கும் இந்நோய்க்குமான தொடர்பை 1895-இலேயே ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் எடுத்துக் காட்டினார். ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயம் செய்த ஆலைத் தொழிலாளர்களிடம் அவர் இதைக் கண்டார். பின்னர் பென்சிடின், பீட்டா நாப்தைலமின் ஆகிய வேதிப்பொருட்கள் காரணிகளாக உறுதிப்பட்டன. பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட சாயங்களுக்கு நம் நாட்டில் 1990-களில் தடை வந்தது. ஆனால் நச்சுப்பட்ட காலத்திற்கும் நோய் தோன்றும் காலத்திற்கும் இடையே இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், தடைக்கு முன் வேலை பார்த்தவர்களுக்கு ஆபத்து இன்னும் நீங்கிவிடவில்லை.

சித்தப்பாவுக்கு அறிகுறி ஏதும் இல்லாதபோது நேரே சிஸ்டோஸ்கோபி தேவையில்லை. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்து, நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் யூராலஜி மருத்துவரிடம் போக வேண்டும். இல்லாவிட்டாலும், பின்னாளில் ஒரே ஒரு முறை சிறுநீர் சிவந்தால்கூட அது தானாக நின்றதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வர வேண்டும். வரும்போது எந்தப் பட்டறையில், எந்த ஆண்டுகளில், என்ன சாயங்களைக் கையாண்டார் என்பதை மருத்துவர் கேட்பார் என்று காத்திராமல் அவரே முதலில் சொல்லிவிடட்டும்.