நாரி நோவுக்கு ஸ்ட்ரெச்சிங்: பலன் இருக்கா, சும்மா கதையா?

கொக்குவில்_கணக்கன்
வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கணக்கு வேலை. சாப்பாட்டு மேசைக் கதிரையில் நாளுக்கு ஒன்பது மணித்தியாலம். ஆறு மாதமாக நாரிப் பிடிப்பு. எழும்பினால் முதல் பத்து அடி கூனித்தான் நடை, அம்மம்மா என்னைவிட நிமிர்ந்து நடக்கிறா. யூடியூப் பார்த்து மூன்று கிழமையாக விடிய எழும்பின கையோடு குனிந்து கால்விரலைத் தொடுகிறேன். நோ கூடினதுதான் மிச்சம்.

பனையோலை
ஸ்ட்ரெச்சிங்கில் பிழை இல்லைத் தம்பி, நீர் செய்த விதம் பிழை. நாள் முழுக்கக் குனிந்து இருக்கிற ஆள் விடியவும் குனியலாமா? இரவு படுக்கையில் முள்ளந்தண்டு வட்டுகள் நீர் ஊறித் தடித்திருக்கும். எழும்பினவுடன் குனிந்தால் அவற்றுக்குப் பாரம் கூட. ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.

பாயில் ஒரு முழங்காலை ஊன்றும். கீழே சாரத்தை மடித்து வையும், இல்லாவிட்டால் முழங்கால் கத்தும். மற்றக் காலை முன்னுக்கு வைத்து, பின்பக்கத்தை இறுக்கியபடி இடுப்பை மெல்ல முன்னே தள்ளும். தொடை தொடங்குகிற இடத்தில் இழுக்கும். 30 விநாடி, பக்கத்துக்கு மூன்று தரம். இருந்து இருந்து குறுகிப்போன தசை அதுதான்.

இரவு_வான்
நான் 18 வருசமாகக் கொழும்புக்கு வான் ஓடுகிறேன். பாயும் இல்லை, சாரமும் இல்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துகிற சாட்டில் இறங்கி, கச்சான் சரை முடியுமட்டும் நடப்பேன். அவ்வளவுதான் வைத்தியம். 30 விநாடி இழுத்துவிட்டுத் திரும்ப நாலு மணித்தியாலம் குந்தினால் என்ன பிரயோசனம்?

பனையோலை
அண்ணை, எல்லாருக்கும் முறிகண்டி வராது. இருக்கும்போது வட்டில் அழுத்தம் நிற்பதைவிடக் கூட என்று சுவீடன் வைத்தியர் நச்செம்சன் எப்போதோ அளந்து காட்டிவிட்டார். அந்த இறுக்கத்தை யாராவது அவிழ்க்க வேண்டாமா?

ஒத்தடம்
இயன்மருத்துவம் படித்தவள் என்பதால் குறுக்கே வருகிறேன். 1999இல் ஜேர்மனியில் திரும்ப அளந்தபோது, தளர்வாக இருக்கையில் வட்டு அழுத்தம் நிற்கையில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது.

பனையோலை
அது ஒரே ஒரு ஆளில் அளந்தது!

ஒத்தடம்
ஓம், ஒரே ஆள்தான். அதனால் அதை வைத்து நானும் சத்தியம் பண்ணவில்லை, நீங்களும் பழைய கணக்கை வைத்துப் பண்ண வேண்டாம். தசை குறுகினதுதான் காரணம் என்பதையும் அடித்துச் சொல்ல முடியாது. இழுத்தால் சுகம் வருவது உண்மை. ஆனால் தசை நீளுவதைவிட, அந்த இழுவையைத் தாங்க நரம்பு பழகுவதுதான் அதில் பெரிய பங்கு. விட்டால் திரும்பும்.

என் எண்ணம் வான்கார அண்ணையின் பக்கம்தான், அரைவாசி. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்புவது முதல். பிறகு நாரிக்கும் இடுப்புக்கும் பலம் தருகிற பயிற்சி. பனையோலை சொன்ன இழுவை வேலைக்கு நடுவே செய்ய நல்லது. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குவதையும் செய்து பாரும். நோ காலுக்குள் இறங்கினால் உடனே நிற்பாட்டும்.

இரவு_வான்
அரைவாசிதானா? சரி, அந்த நாரிக்குக் கட்டுகிற பெல்ட் எப்படி? ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒத்தடம்
நாட்பட்ட நாரி நோவுக்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டலிலேயே இருக்கிறது. உடற்பயிற்சியைத்தான் செய்யச் சொல்கிறார்கள். காசு போனது போனதுதான்.

கணக்கன், ஒன்று சொல்லும்: கால் விறைக்கிறதா, பலம் குறைகிறதா? குந்தும்போது கதிரையில் படுகிற பின்பக்கத்திலோ தொடையிடுக்கிலோ உணர்ச்சி குறைந்தாலோ, சலம் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே பெரியாஸ்பத்திரி.

கொக்குவில்_கணக்கன்
அப்படி ஒன்றும் இல்லை அக்கா, நாரி மட்டும்தான். விடியக் குனிவதை விட்டு நாலு நாள். தண்ணீர்ப் போத்தலை மேசையிலிருந்து எடுத்துக் குசினியில் வைத்துவிட்டேன். தாகம் எடுத்தால் எழும்பித்தானே ஆகவேண்டும். கூனல் நடை பத்து அடியிலிருந்து நாலடிக்கு வந்திருக்கிறது. முழங்கால் ஊன்றியபோது அம்மா பார்த்துவிட்டு, யாருக்கு மோதிரம் போடப் போகிறாய் என்று கேட்டா.

பனையோலை
சாரம் மடித்து வைத்தீரா?

கொக்குவில்_கணக்கன்
இரண்டு.