பலூனில் ஏறுவதா, புணையில் ஏறுவதா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழுமத்தாருக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதில் ஓர் இயல் முழுக்க, ஆள் ஏறிப் பறக்கும் பலூன் பற்றியது. 1783 நவம்பர் 21 அன்று பிலாத்ர் த ரோசியேயும் தார்லாந்து பிரபுவும் பாரிஸுக்கு மேலே சுமார் 25 நிமிடம் பறந்தார்கள். கட்டுக்கயிறு இல்லாமல் மனிதர் வானில் போனது அதுவே முதல் தடவை.

மாதிரிப் பக்கங்களை ஒரு வகுப்பில் படித்துக் காட்டினோம். பலூனுக்கு அடியில் வைக்கோலை எரித்தார்கள் என்ற வரி வந்ததும் ஒரு சிறுமி, "வெடிச்சிடாதா மிஸ்?" என்றாள். அவள் மனதில் இருந்தது பிறந்தநாள் பலூன். அவள்மேல் தவறில்லை, சொல் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. வேறு நல்ல சொல் உண்டா? அப்படியே, மேலே எழும்புவதற்காக வெளியே வீசும் மணல் மூட்டைகளுக்கும் ஒரு சொல் வேண்டும். 1785 ஜனவரியில் பிளான்ஷாரும் ஜெஃப்ரிஸும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, மூட்டையெல்லாம் தீர்ந்து உடுத்தியிருந்த உடையைக்கூட எறிந்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, மூட்டைக்கு 'எறிசுமை' என்று வைத்துக்கொள்ளுங்கள். எறிந்த, எறிகின்ற, எறியும் சுமை; வினைத்தொகை.

பலூனுக்கு 'வளிப்புணை'. கணியன் பூங்குன்றனார் "நீர்வழிப் படூஉம் புணைபோல்" என்றார் (புறம் 192). வளி என்றால் காற்று, புணை என்றால் தெப்பம். புணை ஆற்றின் போக்கில் போவது. இது காற்றின் போக்கில் போவது. இதற்குத் துடுப்பும் இல்லை, பாயும் இல்லை, சுக்கானும் இல்லை. ஊர்தி என்றால் நாம் ஊர்ந்து செலுத்துவது என்றாகிவிடும். மிதவை என்றால் ஓரிடத்தில் மிதந்து நிற்பதும் அடங்கும். புணை ஒன்றுதான் போக்கையும் அதற்கு உட்படுதலையும் சேர்த்துச் சொல்கிறது.

இயற்பியல் ஆசிரியர், பொள்ளாச்சி:

ஐயா, சொல் அழகு. ஆனால் எங்கள் ஊரில் 2015 முதல் பொங்கலையொட்டிப் பலூன் திருவிழா நடக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் முதல் கல்லூரி மாணவர் வரை எல்லோரும் 'பலூன்' என்றுதான் சொல்கிறார்கள். தென்னந்தோப்புக்கு மேலே அது போவதைப் பார்த்த பிள்ளைக்கு எந்தக் குழப்பமும் இல்லை. பார்க்காத பிள்ளைக்குப் படம் போடுங்கள்.

அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்லவேண்டியது அகராதி அல்ல, அறிவியல். ரப்பர் பலூனில் காற்றை அடைத்து வாயைக் கட்டுகிறோம். அழுத்தம் உள்ளே கூடுதல், அதனால் வெடிக்கிறது. இதற்கு அடிவாய் திறந்தே இருக்கும். உள்ளும் புறமும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், வெடிக்க எதுவும் இல்லை. சூடானால் காற்று விரியும், கொஞ்சம் வாய்வழியே வெளியேறும், உள்ளே மிஞ்சுவது எடை குறைந்த காற்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 100 டிகிரியில் ஒரு கிலோவுக்கும் கீழே. அந்தக் கால் கிலோ வித்தியாசம்தான் ஆளைத் தூக்குகிறது. 2,800 கன மீட்டர் பலூன் என்றால் துணி, கூடை, எரிவாயு உருளை, ஆட்கள் எல்லாம் சேர்த்து 700 கிலோவைத் தூக்கும். இதைப் புரிய வைத்துவிட்டால் எந்தப் பெயரும் போதும்.

அப்புறம், 'காற்று' வன்தொடர்க் குற்றியலுகரம். எனவே 'வெப்பக் காற்றுப் பலூன்' என்று ஒற்று மிகவேண்டும். நாளிதழ்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தவர், டொரண்டோ:

வணக்கம். புதுச் சொல் எதற்கு? எங்களிடம் சொல் இருக்கிறது: புகைக்குண்டு. வல்வெட்டித்துறையில் இந்திர விழா என்றால் புகைக்குண்டு இல்லாமல் இல்லை. வண்ணக் கடதாசியை ஒட்டிப் பெரிதாகச் செய்து, சூடேற்றி வானத்தில் விடுவார்கள். தத்துவம் அச்சொட்டாக இதேதான். அது ஆளைத் தூக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. இந்தப் பலூனைக் கண்டுபிடித்த, பிரான்சின் அன்னொனே ஊர் மோன்கோல்பியே சகோதரர்களும் கடதாசி ஆலைக் குடும்பத்தவர்கள். புகைதான் தூக்குகிறது என்று நம்பி, ஈர வைக்கோலையும் கம்பளி மயிரையும் எரித்து வேண்டுமென்றே புகையைக் கூட்டினார்கள். அவர்களிடம் தமிழில் பெயர் கேட்டிருந்தால் புகைக்குண்டு என்றே சொல்லியிருப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அண்ணா, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே புகைக்குண்டு என்றால் காவல்துறை வீசுவது. "இருவரும் புகைக்குண்டில் ஏறினார்கள்" என்று எழுதினால் அந்தச் சிறுமியின் பயம் இரட்டிப்பாகிவிடும்.

மென்பொருள் பொறியாளர், பெங்களூரு:

பலூனை வெளியே தள்ளும் முன் அதன் வேரைப் பாருங்கள். பரு, பருமை, பரூஉ எல்லாம் பெருத்தலைக் குறிப்பவை. ரகரமும் லகரமும் மாறுவது நமக்குப் புதிதல்ல: பந்தல் – பந்தர், சாம்பல் – சாம்பர். பரூஉ 'பலூ' ஆனால் பலூன் நம் வீட்டுச் சொல்லே. அப்படியென்றால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

பேராசிரியர், தஞ்சாவூர்:

தம்பி, நீங்கள் காட்டியது கடைப்போலி. சொல்லின் இறுதியில் நிகழ்வது. பலூனில் லகரம் இடையில் இருக்கிறது. பிரெஞ்சுச் சொல் இத்தாலியப் 'பல்லோனே'யிலிருந்து வந்தது, பெரிய பந்து என்று பொருள். அதை விட்டுவிடுவோம்.

பெயர் முக்கியமில்லை என்கிறார் பொள்ளாச்சி நண்பர். 1783 ஆகஸ்ட் 27 அன்று ஷார்ல் என்ற அறிவியலாளர் பாரிஸில் விட்ட ஆளில்லா ஹைட்ரஜன் பலூன் கோனேஸ் என்ற ஊரில் விழுந்தது. ஊரார் ஏதோ கொடிய விலங்கு என்று கவைக்கோலால் குத்திக் கிழித்தார்கள். பெயர் தெரியாத பொருள் அச்சம் தரும்.

இயற்பியல் ஆசிரியர், பொள்ளாச்சி:

புணை சும்மா போவது ஐயா. பலூன் ஓட்டி சும்மா இருப்பதில்லை. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். நம் வட அரைக்கோளத்தில் மேலே போகப்போகப் பெரும்பாலும் வலப்பக்கம் திரும்பும். தீயைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய காற்றைத் தேடிப் பிடிக்கிறார். 1999 மார்ச்சில் பெர்த்ராந் பிக்காரும் பிரையன் ஜோன்ஸும் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றியது இப்படித்தான். தரையிலிருந்த வானிலையாளர்கள் காற்றைப் பார்த்துச் சொல்ல, இவர்கள் ஏறி இறங்கிப் போனார்கள். அந்தத் திறமை புணை என்ற சொல்லில் இல்லை.

நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன். காற்றோடு போவதால் முகத்தில் காற்றே படவில்லை. கீழே நாய் குரைப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. தீ சீறும் நேரம் தவிர அப்படி ஓர் அமைதி. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 'புணை'க்கு அடிக்குறிப்பு போடும் இடத்தில் இதைப் போடலாம்.

பேராசிரியர், தஞ்சாவூர்:

நீங்கள் சொல்வதே எனக்குச் சான்று. கரிகாலன் முன்னோனை "வளிதொழில் ஆண்ட உரவோன்" என்றார் வெண்ணிக்குயத்தியார் (புறம் 66). காற்றின் போக்குக்கு உட்பட்டு, அந்தக் காற்றையே வேலை வாங்குவது. 'வளி' என்ற சொல்லில் அந்தத் திறமை வந்துவிடுகிறது. புணையும் பிள்ளைகள் அறியாத சொல் அல்ல. "இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்" என்று குறளில் இருக்கிறது.

மென்பொருள் பொறியாளர், பெங்களூரு:

அந்தக் குறளில் சினம் என்ற தீ புணையைச் சுடுகிறது, இங்கே தீதான் தூக்குகிறது! ஆனால் முதலில் பறந்த அந்த ரோசியேயை நினைத்தால் குறளும் பொருந்துகிறது. ஹைட்ரஜனுக்கு அடியில் தீயை வைத்துக்கொண்டு கால்வாயைக் கடக்கப் புறப்பட்டு, 1785 ஜூன் 15 அன்று விழுந்து இறந்தார். ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் வைத்து, அதே கலப்பு முறையில்தான் பிக்காரும் ஜோன்ஸும் உலகைச் சுற்றினார்கள். அந்த வகைக்கு இன்றும் ரோசியே பெயர்தான்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அனைவருக்கும் நன்றி. பதிப்பாசிரியரிடம் பேசிவிட்டேன். இயலின் தலைப்பு 'வான்புணை'. உள்ளே முதல் தடவை 'வெப்பக் காற்றுப் பலூன்' (ஒற்றோடு), பிறகு 'பலூன்'. எறிசுமை அப்படியே இருக்கும். சிறுமியின் கேள்வியையும் ஆசிரியர் சொன்ன பதிலையும் ஒரு பெட்டியில் போடுகிறேன். இந்திர விழாப் புகைக்குண்டுக்கும் அதே பக்கத்தில் ஒரு பத்தி.

யாழ்ப்பாணத்தவர், டொரண்டோ:

பத்தி போதும் தங்கச்சி. படம் ஒன்று அனுப்புகிறேன்.

பேராசிரியர், தஞ்சாவூர்:

பெரும்பான்மை அப்படியென்றால் சரி. ஆனால் 'வான்புணை'யில் வளி போய்விட்டது. வானத்தில் பறக்கிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். காற்று கொண்டுபோவது இது ஒன்றுதான். எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் பதிப்பு வந்தால் மறுபடியும் கேட்பேன்.