காலையில் ஸ்டார்ட் எடுத்ததும் செயின் சத்தம்: டென்ஷனர் மட்டும் மாற்றினால் போதுமா?

உவர்மலை டீச்சர்:

வணக்கம். என்னுடைய கார் 2004 டொயோட்டா அலியன். 1.8 பெற்றோல், ஒன் இசெட் இசெட் எஞ்சின், ஓட்டோ கியர். மீற்றரில் 186,000 கிலோமீற்றர். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டிய கார். தினமும் உவர்மலையில் இருந்து கிண்ணியா வழியாக மூதூருக்குப் படிப்பிக்கப் போகிறேன். இதுவரை ஒரு நாளும் வழியில் நிறுத்தியதில்லை.

மூன்று கிழமையாக, விடிய ஸ்டார்ட் எடுத்தவுடன் பெல்ட் இருக்கும் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வருகிறது. சைக்கிள் செயின் தொய்ந்து செயின் கவரில் அடிக்குமே, அதுபோல, பத்துச் சைக்கிள் ஒன்றாக ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி. முதலில் ஒரு விநாடிதான் இருந்தது. பிறகு எண்ணத் தொடங்கினேன். இப்போது நாலு வரை எண்ணுகிறேன், அதன் பின் அடங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்பதே இல்லை. நேற்று மட்டும் கிண்ணியாப் பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தியபோது, எஞ்சின் சூடாக இருக்கும்போதே லேசாகக் கேட்டது. அதுதான் பயமாகிவிட்டது.

இரண்டு இடத்தில் காட்டினேன். ஒருவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. "எஞ்சினுக்குள் இருக்கிற செயின் போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய எஞ்சின் எடுத்துப் போடுவம்" என்றார். மற்றவர் தடிப்பான ஒயில் ஊற்றினால் அடங்கும் என்றார். ஏன் இந்தச் சத்தம் வருகிறது என்று இருவரும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண்டிக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். திரும்பி வரும்போது ஹபரணை தாண்டவே இருட்டிவிடும். யானை றோட்டுக்கு வருகிற இடம். அங்கே கார் நின்றால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? இந்தக் காரில் போகலாமா? செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் மட்டும் மாற்றினால் போதுமா, செயினும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

நிலாவெளி வான்:

டீச்சர், முதலில் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். என்னுடைய முந்தைய வானிலும் இதே சத்தம்தான் வந்தது. சீசன் நேரம், ஒரு நாள் நிறுத்தினாலும் ஹயர் போய்விடும் என்று ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓடினேன். ஒரு பின்னேரம் தம்பலகாமம் பக்கம் வரும்போது டமார் என்று ஒரு அடி, எஞ்சின் நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் எடுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. செயின் பல்லுத் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் அடித்து வளைந்துபோயிருந்தன. ஹெட்டைக் கழற்றி, வால்வு மாற்றி, எல்லாம் பூட்டி முடிக்க இரண்டு மாதம். சுற்றுலாக்காரர் வருகிற காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

கண்டிக்கு பஸ்ஸில் போங்கள். தடிப்பான ஒயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நானும் 20டபிள்யூ-50 ஊற்றினேன், சத்தம் குறைந்தது உண்மை. அதை நம்பித்தான் ஓடினேன்.

பாலையூற்று கராஜ்:

டீச்சர், ஏன் என்று கேட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். முப்பது வருஷமாக எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறேன். காரணம் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு.

பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் கீழே இருக்கிறது. அது மேலே இருக்கிற, வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டைச் சுற்றுவது இந்தச் செயினால்தான். கிராங்க் இழுக்கிற பக்கம் செயின் இறுக்கமாக நிற்கும், மற்றப் பக்கம் தொய்யும். தொய்கிற பக்கத்தில் வில் மாதிரி வளைந்த ஒரு கைடு சாய்ந்திருக்கும். அதை முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்பது டென்ஷனர். கைக்குள் அடங்குகிற சாமான். உள்ளே ஒரு தண்டு, ஒரு சுருள் வில், ஒயில் வருகிற துளை, வந்த ஒயிலைத் திரும்ப விடாத ஒரு சின்னக் குண்டு வால்வு, தண்டு பின்வாங்காமல் பிடிக்கிற பல், அவ்வளவுதான். எஞ்சின் ஓடும்போது தள்ளுகிற பலம் ஒயில் அழுத்தத்தில் இருந்து வருகிறது. இரவு முழுக்கக் கார் நின்றால் ஒயில் கீழே வடிந்துவிடும். காலையில் பம்ப் அதை மேலே கொண்டுவரும் வரை வில்லும் பல்லும்தான் செயினைப் பிடிக்க வேண்டும். அவற்றால் முடியாத நேரம்தான் நீங்கள் எண்ணுகிற அந்த நாலு விநாடி.

அதனால் சத்தம் கேட்டவுடன் செயின் போய்விட்டது என்று சொல்வது அவசரம். ஒயில் குறைந்தாலும் இதே சத்தம் வரும். ஒயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது, நிற்கும்போது ஒயில் வடியாமல் பிடிப்பது அதுதான். மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் சரியாகப் பொருந்தாது, அப்போதும் காலையில் இதே சத்தம்தான். கேம்ஷாஃப்டின் முனையில், வால்வு திறக்கிற நேரத்தை மாற்றுகிற விவிடி கியர் தேய்ந்தாலும் ஸ்டார்ட்டில் கரகரக்கும். கடைசியாகத்தான் செயின். செயின் நீளுகிறது என்று சொல்கிறோமே, இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேய்ந்து இடைவெளி விழும். அழுக்கு ஒயிலில் ஓடிய செயினுக்கு அது கெதியாக வரும்.

தடிப்பான ஒயில்: உங்கள் எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 போதும். திருகோணமலை வெயிலுக்குத் தடிப்பாகத்தான் ஊற்ற வேண்டும் என்று இங்கே ஒரு எண்ணம் இருக்கிறது. வெயில் எவ்வளவு அடித்தாலும் எஞ்சினுக்குள் சூட்டை ஒரு அளவில் வைத்திருப்பது ரேடியேட்டரும் தேர்மோஸ்டட்டும். விடிய ஸ்டார்ட் எடுக்கும்போது தடித்த ஒயில் மெதுவாகத்தான் ஏறும், டென்ஷனர் இன்னும் கூட நேரம் வெறுமையாக நிற்கும். சூடானபின் சத்தத்தை அது மூடிவிடும். நிலாவெளித் தம்பிக்கு நடந்தது இதுதான்.

எஞ்சினை மாற்றச் சொன்னவருக்கு ஒரு கேள்வி. பஞ்சிகாவத்தையில் எடுக்கிற எஞ்சினுக்குள் இருக்கிற டென்ஷனருக்கு என்ன வயது? 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் திறக்கும் வரை, நாடு முழுக்க இருபது வருஷக் கார்களைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டினோம். கையில் இருக்கிற நல்ல எஞ்சினை எறிந்துவிட்டு, யார் எப்படி ஓட்டினார்களோ தெரியாத ஒன்றை வாங்கவா?

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த எஞ்சினில் டென்ஷனரை வெளியில் இருந்தே கழற்றலாம். இரண்டு நட்டு, ஒயில் கசியாமல் பிடிக்கிற ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ ரிங், அவ்வளவுதான். டொயோட்டாவின் ஒன் என்இசெட் (1NZ) மாதிரி எஞ்சின்களில் டென்ஷனர், செயினை மூடியிருக்கிற டைமிங் கவருக்குள் இருக்கும், முன்பக்கம் முழுக்கத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் செயின், கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் ஒரே வேலையாகச் செய்துவிடுவது நல்லது. உங்களுடையதில் டென்ஷனர், ஓ ரிங், ஒயில், ஃபில்டர் மாற்றிப் பாருங்கள். ஸ்கேனர் போட்டு பி0016 இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று சரியாக நிற்கவில்லை என்று சொல்கிற கோட் அது. கோட் இல்லை, சத்தமும் நின்றுவிட்டது என்றால் செயினைத் தொட வேண்டாம். இரண்டில் ஒன்று இருந்தால் முன்பக்கம் திறக்கத்தான் வேண்டும்.

யார் செய்தாலும் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டென்ஷனர் வெளியே இருக்கும் நேரம் எஞ்சினைச் சுற்றவே கூடாது. புதியதைப் பூட்டும்போது தண்டை உள்ளே அமுக்கி, அதன் கொக்கியை மாட்டிப் பூட்ட வேண்டும். நட்டு இறுக்கம் 9 நியூட்டன் மீற்றர்தான், பலம் போட்டால் நட்டு ஏறுகிற ஸ்டட் அறும். பூட்டியபின் கிராங்க்கைக் கையால் இடப்பக்கமாகக் கொஞ்சம் சுற்றினால் கொக்கி விடுபடும், பிறகு வலப்பக்கம் சுற்றித் தண்டு வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே சாவியைத் திருப்பினால் செயின் தொய்வாகவே சுற்றும். நல்ல செயின் பல்லுத் தாண்டுவதும் இப்படித்தான்.

கந்தளாய்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணை. என்னிடம் ஆல்ட்டோ 800. அதற்கும் இந்த டென்ஷனர் பிரச்சினை வருமா?

பாலையூற்று கராஜ்:

தம்பி, 796 சிசி எஞ்சின் என்றால் அதற்குச் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். அது சத்தம் போட்டு எச்சரிக்காமலே அறும். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

உவர்மலை டீச்சர்:

இன்று காலை ஸ்டார்ட் எடுக்காமல் முதலில் குச்சியை இழுத்தேன். துடைத்துவிட்டுத் திரும்ப விட்டு எடுத்தேன். நுனியில் கூட ஒயில் இல்லை. கை நடுங்கிவிட்டது. இதோடுதான் மூன்று கிழமையும் மூதூருக்குப் போய் வந்திருக்கிறேன். காருக்குக் கீழே ஒயில் விழுந்ததில்லை, அதனால் குறையும் என்று நினைக்கவே இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் பெல்ட் பக்கம் எஞ்சினின் உடம்பு முழுக்கக் கறுப்புப் பிசுக்கு, மேலே மண் ஒட்டி அடையாகி இருக்கிறது.

இப்போது ஒயில் ஊற்றி ஓட்டிக்கொண்டு வரலாமா, லொறியில் ஏற்ற வேண்டுமா?

பாலையூற்று கராஜ்:

லொறியில் ஏற்றுங்கள். தட்டு லொறி கிடைக்காவிட்டால் முன் சில்லுகளைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள். ஓட்டோ கியர், முன் சில்லு நிலத்தில் உருளக் கூடாது. அந்தப் பிசுக்கு டென்ஷனரின் ஓ ரிங்கில் இருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ரப்பர் காய்ந்துவிட்டால் அங்கே கசியும். கசிகிற ஒயில் சூட்டில் அங்கேயே காய்ந்து ஒட்டிவிடும், நிலத்துக்கு வராது.

உவர்மலை டீச்சர்:

முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன், இதே சத்தத்தோடு யாராவது தேடி வந்தால் உதவும்.

ஐயாவின் கராஜுக்கே கொண்டுபோனேன். பழைய ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டினார். கைடு உடைந்திருந்தால் பிளாஸ்டிக் துண்டு வருமாம், அது போய் ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்குமாம். துணியில் கரி மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்கேனரிலும் கோட் இல்லை.

கழற்றிய டென்ஷனரை என் கையில் தந்து, தண்டைக் கட்டைவிரலால் அமுக்கச் சொன்னார். பேனாவின் பொத்தான் போல உள்ளே போய்விட்டது. புதியதைத் தந்து அமுக்கச் சொன்னார். இரண்டு கையாலும் அமுக்கினேன், அசையவில்லை. பல்லைப் பிடிக்கிற சின்ன நாக்கை அவர் விரல் நகத்தால் தூக்கிய பிறகுதான் உள்ளே போனது. பழையதில் அந்த நாக்கின் முனை உருண்டுபோய் வழுவழுப்பாக இருந்தது. ஓ ரிங் ரப்பராகவே இல்லை, வளைத்ததும் காய்ந்த சுள்ளி போல முறிந்தது. முன்பு சேர்விஸ் செய்த இடத்தில் போட்ட ஃபில்டரையும் வெட்டிக் காட்டினார், உள்ளே இருந்த ரப்பர் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கிராங்க்கைக் கையால் இடப்பக்கம் மெல்லச் சுற்றியபோது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. கொக்கி விடுபட்டது அதுதான் என்றார்.

கண்டிக்கு அம்மாவோடு பஸ்ஸில் போய் வந்தேன். திரும்பும்போது ஹபரணை தாண்டி ஒரு தனி யானை றோட்டோரம் நின்றது. பஸ்காரர் லைட்டைக் குறைத்து மெதுவாகக் கடந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை விடிய 5.45 க்கு ஸ்டார்ட் எடுத்தேன். பழக்கத்தில் எண்ண வாயைத் திறந்தேன். ஒன்றே வரவில்லை. இன்றோடு ஆறு காலை, அப்படியே இருக்கிறது. ஐயாவுக்கும் நிலாவெளி அண்ணாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

பாலையூற்று கராஜ்:

சந்தோஷம் டீச்சர். அடுத்த கிழமை ஒரு தரம் வந்து போங்கள், அந்த இரண்டு நட்டுக்குக் கீழே ஈரம் வருகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அதுவரை ஞாயிறு காலையில் குச்சியைப் பாருங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில்.